அறிவுக்கு ஏன் பூட்டு?

திம்புள்ளத் தேயிலையின் மணத்தை உலகறியும். அதைக் கொய்யும் இளம்பெண் தன் உடலை அறிய நாம் வழி செய்தோமா?

1980களில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு 500 ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தி லயங்கள்தோறும் விரைந்து மலையேறிற்று. மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எவ்வாறு தரிக்கிறது, வேண்டாத கையை எப்படி விலக்குவது என்று குமரிகளுக்குச் சொல்லும் அக்கறை மட்டும் அவ்வேகத்தில் ஏறவில்லை. பிறப்பைத் தடுக்கப் பணமுண்டு. அறிவைக் கொடுக்க மனமில்லை!

‘இதைச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுவிடும்’ என்கின்றனர் பண்பாட்டுக் காவலர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை ஒருங்கே உறங்கும்போது, எந்தத் திரையிட்டு எதை மறைத்தீர்கள்? பூப்பெய்தியவளுக்கு ஊர்கூட்டி விருந்து வைக்கலாம். அதன் பொருளை அவளுக்கே உரைப்பது குற்றமா?

1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆகவும், உடலுறவுக்கான சம்மத வயது 16 ஆகவும் உயர்ந்தன. சம்மதம் என்றால் என்னவென்றே கற்பிக்கப்படாத இளைஞனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிச் செய்யும் கருக்கலைப்பை இன்றும் தண்டிக்கிறது. அறியாமையில் அகப்பட்ட சிறுமிக்கு எஞ்சுவது கள்ள வைத்தியமா?

தோட்டப் பள்ளிகளில் ஆண், பெண் இருபாலார்க்கும் வயதுக்கேற்ற பாடம் தமிழில் வேண்டும். தமிழறிந்த மருத்துவமாதர் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் முன்வைக்கட்டும். கொழுந்தைக் காக்கக் காவல் போட்டோர் போதும். குருத்துகளைக் காக்க இனி நாம் எழுவோம்.