ஒரே ஒரு முறை போட்ட ஓட்டு

போன வாரம் காலை நடைக்குக் கதிர்காமம் கனகன் ஏரிப் பக்கம் போயிருந்தேன். ஒரு காலத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் மண்டிக் கிடந்த ஏரி அது. சில ஆண்டுகளுக்கு முன் அதிகாரிகளும் தன்னார்வலர்களும் மாணவர்களும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்தார்கள். இப்போது தண்ணீர் தெரிகிறது, கொக்கு வருகிறது. என் வயதுக்காரர்கள் நாலு பேர் கரையில் நின்று சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனசுக்கு இதமாக இருந்தது.

நம் உழவர்கரை நகராட்சியைத் திட்டித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு நாளாவது நல்லதைச் சொல்வோம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் 'ஊல்கரே' என்பார். வீட்டில் பாட்டி 'ஒழுகரை' என்பார். இன்று பலகையில் 'உழவர்கரை' என்று இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது இது வயலும் தோப்புமாக, டவுனுக்கு வெளியே இருந்த ஊர். ரெட்டியார்பாளையம் தாண்டினால் இருட்டு. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியில் சுமார் 3 லட்சம் பேர், புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.44 லட்சம் பேர். புறநகர் என்று சொல்லிச் சொல்லியே டவுனை விடப் பெரிதாகிவிட்டோம்.

இனி நல்லவை. காலையில் குப்பை வண்டி வாசலுக்கு வருகிறது. தெருமுனைத் தொட்டியும், அதைச் சுற்றி மாடும் நாயும் நின்ற காலம் போயிற்று. குரும்பாபேட்டில் மலைபோல் குவிந்திருந்த பழைய குப்பையைக் கிளறி, சலித்து, பிரித்து அகற்றும் வேலை நடந்தது. தெருவில் எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு இரவில் பள்ளம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளம் இன்னும் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

பிறப்புச் சான்றிதழ் இன்னொன்று. பணியில் சேர்ந்த புதிதில், பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்பதற்காக என்னைப் பழைய பதிவேடுகளோடு உட்கார வைத்தார்கள். 'எத்தா சிவில்' பதிவேடுகள். கோழி கிண்டியதுபோல் சில கையெழுத்து, முத்துப்போல் சில கையெழுத்து. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனுக்காக நகல் கேட்டு வரும் விதவைகள் வராந்தாவில் நாள் கணக்கில் காத்திருப்பார்கள். போன மாதம் என் பேரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் தன் சான்றிதழை எடுத்துவிட்டான். அந்த வராந்தா நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது.

2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை வரை புதுச்சேரியில் 46 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தவர்களையும், அந்த அழுக்குத் தண்ணீரில் வெறுங்காலோடு அடைப்பு எடுத்த துப்புரவுத் தொழிலாளர்களையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். "ஐயா, உள்ள போங்க, வழுக்கும்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு ஒரு அம்மா சாக்கடைக்குள் இறங்கினார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் ஒரு பாராட்டுக் கடிதம் ஆகியிருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

புயலுக்குக் கொஞ்ச காலம் முன்புதான் எங்கள் தெருவில் புது வாய்க்கால் கட்டினார்கள். கட்டியது எந்தத் துறை என்று எழுத மாட்டேன். நானும் அரசாங்கத்து உப்பைத் தின்றவன். நல்ல கான்கிரீட், மேலே மூடி, எல்லாம் நேர்த்தி. ஆனால் தண்ணீர் தெற்கே போகும் என்று கணக்குப் போட்டுக் கட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் கிழக்கே போகும். இது எங்கள் பால்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், தெருநாய்க்குக்கூடத் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை. புயலில் அந்தப் பாட்டியின் மெத்தை, பிரிட்ஜ், அரிசி எல்லாம் போயிற்று.

மழை விட்டதும் மனு எழுதிக்கொண்டு போனேன். ஒரு அலுவலகத்தில் இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை முடிந்து பில் பாஸாகிவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு பதில் வந்தது: 'தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வரியை நானே என் பணிக்காலத்தில் ஆயிரம் தடவையாவது டைப் அடித்திருப்பேன். நான் அனுப்பியது எனக்கே திரும்பி வந்தது.

"கவுன்சிலர் இருந்தா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டியிருப்பேன்" என்றாள் என் மனைவி. விஷயமே அதுதான்.

நண்பர்களே, ஒரு கணக்குப் பாருங்கள். நான் 1950-இல் பிறந்தவன். நம் ஊரில் 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு வயது 18. அப்போது ஓட்டுப் போட 21 ஆக வேண்டும். அடுத்த தேர்தல் எப்போது? 2006-இல். 38 வருஷம்! தலை நரைத்து, 56 வயதில் என் முதல் உள்ளாட்சி ஓட்டைப் போட்டேன். 2011-இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. 2021-இல் தேதிகூட அறிவித்தார்கள். வார்டு இடஒதுக்கீடு வழக்கில் நின்றுபோனது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 75 வயது வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு.

இத்தனைக்கும் நாம் யார்? 1880-இலேயே பிரெஞ்சுக்காரன் ஆணை போட்டு இங்கே கொம்யூன்களை ஏற்படுத்தினான். தேர்ந்தெடுத்த மன்றம், அதற்கு ஒரு 'மேர்'. அந்தத் தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். தடியும் சாராயமும் கள்ள ஓட்டும் சேர்ந்து நடத்திய தேர்தல்கள் என்று அப்பா கதை கதையாகச் சொல்வார். ஆனாலும் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் யார்? பிரதிநிதித்துவ சபையினரும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான். 178 பேரில் 170 பேர் சேர்வோம் என்றார்கள். இந்த மண் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கக் கவுன்சிலர் வேண்டியிருந்தது. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டாமாம்!

"சின்ன மாநிலம் சார், தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. இருக்கிறாரே, போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். எம்.எல்.ஏ.க்கள் தெருத் தெருவாக வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் வேலை சட்டசபையில். நகராட்சியின் வரவு செலவு அவர் முன் வருவதில்லை. மன்றம் இல்லாததால் இப்போது அதைத் தயாரிப்பதும் அதிகாரி, ஒப்புக்கொள்வதும் அதிகாரி. ஆணையர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். நல்லவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் நோட் எழுதுகிறவனே அதற்குச் சம்மதக் கையெழுத்தும் போடக்கூடாது என்பது குமாஸ்தா உத்தியோகத்தின் பாலபாடம்.

2006-லிருந்து 2011 வரை எல்லாம் பாலும் தேனுமாக ஓடியதா என்றால் இல்லை. மச்சானுக்குக் காண்டிராக்ட் கேட்ட உறுப்பினர்களும் உண்டு, கூட்டத்தில் கூச்சல் போட்டு வெளியேறியவர்களும் உண்டு. ஆனால் எங்கள் கவுன்சிலர் நாலாவது வீட்டில் இருந்தார். விளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலும் இருட்டாக இருக்கும். வாய்க்கால் அடைத்தால் அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். தகுதி என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏரி, குப்பை வண்டி, கம்ப்யூட்டர் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் கொடுப்பவர் மனது வைத்தால் கிடைக்கிறது, இல்லாவிட்டால் மனு எழுத வேண்டியிருக்கிறது. வரி கட்டுகிறவனுக்கு இது மரியாதை இல்லை.

நேற்றுப் பேரனிடம் கேட்டேன், "நம்ம வார்டு கவுன்சிலர் தேர்தல் வந்தா ஓட்டுப் போடுவியா?"

"கவுன்சிலர்னா என்ன தாத்தா செய்வாரு?" என்றான். எம்.பி.க்கு ஓட்டுப் போட்ட பையன். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு நினைவு தெரிந்து ஒருவரையும் அவன் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் வாய்க்காலைத் திருத்துவார்களா தெரியாது. மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. தேர்தலையாவது நடத்துங்கள். இரண்டாவது ஓட்டையும் போட்டுவிட்டுப் போகிறேன்.