ரெகுலேட்டரைத் தூக்கிப் போடாதீங்க!

வீட்டு ஏர் கம்ப்ரஸர்ல பிரஷர் நிக்கலைன்னு தாம்பரத்துல ரெண்டு கடை ஏறி இறங்கினேன். ரெண்டுலயும் ஒரே பதில்: "ரெகுலேட்டர் போச்சு, புதுசு போட்டுடுங்க."

என்னங்க அநியாயம்? அதுக்குள்ள இருக்கறது ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு குட்டி வால்வு. திருகுக் குமிழ்கிட்ட காத்து கசிஞ்சா பெரும்பாலும் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும். வெச்ச பிரஷர் தானா ஏறினா வால்வுல தூசி, துரு. டேங்க்ல சேர்ற தண்ணிய வடிக்காம விட்டா துரு வராம என்ன செய்யும்? பிளக்கைப் பிடுங்கி, டேங்க் காத்தை முழுசா இறக்கி, குமிழைத் தளர்த்திட்டுக் கழட்டித் துடைக்கணும். அவ்ளோதான்.

"பிரஷர் சமாச்சாரம், ஆபத்து"ம்பாங்க. சேஃப்டி வால்வு, துருப்பிடிச்ச டேங்க் விஷயத்துல அது நூத்துக்கு நூறு நிஜம். அதுல கை வைக்காதீங்க. ஆனா அதைச் சொல்லியே ஒரு ரப்பர் துண்டுக்காக முழு ரெகுலேட்டரையும் தலையில கட்டறது வியாபாரம்.

2022 டிசம்பர் 24 அன்னிக்கு மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னே ஓர் இணையதளம் ஆரம்பிச்சது. சந்தோஷம். கடையில டயாஃப்ரம் இல்லாம அந்த உரிமையை வெச்சு என்ன பண்றது?

அடுத்த தடவை "டயாஃப்ரம் மட்டும் குடுங்க"ன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் அஞ்சாவது ஆளுக்காவது கிடைக்கும்.