அசலில் கை வைக்காதீர்!

பி.காம். படித்தவனிடம் வீட்டு விவகாரம் பேசக்கூடாது. எதைக் காட்டினாலும் 'தேய்மானம் எவ்வளவு?' என்றுதான் கேட்பான். சைக்கிள், சீலிங் ஃபேன், மாமனார்... எல்லாவற்றுக்கும் வருஷம் பத்து பர்சென்ட் கழித்துவிடுவான்!

பக்கத்து சீட் நண்பர் விஷயத்தில் இந்த புத்தி கொஞ்சம் உபயோகப்பட்டது. நாகர்கோவில் பக்கம் அவருக்குத் தாத்தா கட்டிய வீடு. மாடியை அங்கே மச்சு என்பார்கள். மச்சுத் தரை முழுக்கத் தேக்குப் பலகை. தையில் கல்யாணம். புதுப் பெண்ணை இந்த மங்கல் தரையில் எப்படி நடக்க வைப்பது என்ற கவலையில் ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

வந்தவர் பார்த்தார். உச் கொட்டினார். "பலகை செத்துப்போச்சு ஸார். பெயர்த்துட்டு டைல்ஸ் ஒட்டிடலாம். பழைய பலகையை நானே எடுத்துக்கறேன். பில்லுல அஞ்சாயிரம் கழிச்சுக்குங்க."

"என்ன தங்கமான மனுஷன்!" என்றார் நண்பர். எனக்கு மூக்கில் வேர்த்தது. செத்த பலகையை எவன் ஸார் காசு கொடுத்து வாங்குவான்? புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிட்ட சரக்குக்கு வெளியே நல்ல விலை இருக்கும். பழைய தேக்கும் அந்த ரகம்தான். பழைய மரம் விற்கும் கடையில் விசாரித்தால் தெரியும்.

ஊரில் ஒரு வயசான ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. தரையில் அங்கங்கே சொட்டுச் சொட்டாக விட்டார். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் முத்து மாதிரி உருண்டு நின்றது. வாசல்படி அருகே மட்டும் மரம் அதைக் குடித்துக் கறுத்தது.

"மரத்துக்கு ஒண்ணும் இல்லை தம்பி. மேல போட்ட வார்னிஷ்தான் நடக்கிற இடத்துல போயிருக்கு."

இவ்வளவுதான் ரகசியம். மரம் அசல், வார்னிஷ் வட்டி. வட்டி தேய்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அசலைச் செதுக்கினால் போனது போனதுதான்! ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் பலகை கொஞ்சம் மெலியும். அதனால் இழைப்பது கடைசி வைத்தியம்.

முதல் வைத்தியம் துடைப்பம். மணலை மிதித்து நடப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கவேண்டும். சிமெண்ட் தரை நினைப்பில் வாளியோடு கவிழ்த்தால் பலகை உப்பி, ஓரம் தூக்கிக்கொள்ளும். பழைய மெழுகு இருந்தால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து எடுக்கணும். மெழுகு மேல் வார்னிஷ் பிடிக்காது.

தண்ணீர் உருண்டு நிற்கிற இடத்தில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. தூசியைத் துடைத்துவிட்டுப் புது வார்னிஷ். மரம் வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் முதலில் 120, பிறகு 220. எப்போதும் மரத்தின் ரேகை போகிற திசையில்தான். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் வார்னிஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று பல்லைக் காட்டும்! ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு கோட் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது.

'தேங்காய் எண்ணெய் தடவினா பளபளக்குமே' என்று பாட்டி சொல்வார். பளபளக்கும், ஆனால் காயாது. பிசுக்கில் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டும். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதிலும் ஒரு வில்லங்கம். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்புப் பெட்டியே வேண்டாம்! அந்தத் துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

சந்தேகமிருந்தால் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான். இன்றும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகணும். மரத்தரைக்கு இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது. வாசலில் ஒரு மிதியடி, நாற்காலிக் காலுக்கு அடியில் ஒரு துண்டு கம்பளித் துணி. கட்டிலை இழுக்காமல் இரண்டு பேர் தூக்கிவைப்பது. இத்தனையும் செய்தால் வட்டியும் சீக்கிரம் தேயாது.

நண்பரின் மச்சு பத்தே நாளில் தயார். கல்யாணப் பெண் முதலில் கேட்ட கேள்வி, "இது புதுசா போட்டதா?"

உங்கள் வீட்டில் மச்சு இல்லையா? தாத்தாவின் ஊஞ்சல் பலகையோ, நிலைக்கதவோ இருக்குமே! 'செத்துப்போச்சு, நானே எடுத்துக்கறேன்' என்று யாராவது கருணை காட்டினால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால், எதிரே நிற்பவர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்!