காணாமற்போன வினைச்சொல்

மத சுதந்திரத்தைக் கண்காணிக்க ஐ.நா. ஒருவரை நியமித்திருக்கிறது என்றால் நம் எழுத்தாள நண்பர்கள் சிரிக்கிறார்கள். வெற்றுக் காகிதம், வெள்ளைக்காரன் உபதேசம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. படித்துவிட்டுச் சிரிக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. கவிதையில் ஒரு சொல் பிசகினால் நான்கு பக்கம் எழுதுகிறவர்கள், இந்தக் காகிதங்களில் ஒரு வினைச்சொல் காணாமற்போனதைக் கவனிக்கவேயில்லை.

1948இன் மனித உரிமைப் பிரகடனம், 18ஆவது ஷரத்தில், மதத்தையோ நம்பிக்கையையோ 'மாற்றிக்கொள்ளும்' சுதந்திரத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. 1966 உடன்படிக்கையில் அந்தச் சொல் இல்லை. 'கொண்டிருக்க அல்லது மேற்கொள்ள' என்றாயிற்று. 1981 பிரகடனத்தில் 'மேற்கொள்ள'வும் போய் 'கொண்டிருக்க' மட்டும் மிஞ்சியது. பழைய உரிமைகள் எதையும் இது குறைக்காது என்று கடைசியில் ஒரு ஷரத்தைச் சேர்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

வங்கியில் செக் பார்த்துப் பிழைக்கிறவன் நான். 'பேரர்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டால், செக் கையிலிருப்பது மட்டும் போதாது. நீ யார் என்று காட்டவேண்டும். இங்கும் அதுதான் நடந்தது. 'கொண்டிருக்க' என்பதற்கு, பிறந்ததில் கிட என்று எந்த அரசாங்கமும் பொருள் சொல்லிக்கொள்ளலாம். அதே 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்துக்கு மாறிய தலித்துகளுக்கு வேண்டியிருந்தது எந்த வினைச்சொல் என்று சொல்லத் தேவையில்லை.

1993இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழு, 'மேற்கொள்ள' என்பதில் மாறுவதும் அடங்கும், நாத்திகமும் அடங்கும் என்று விளக்கம் எழுதியது. மூலத்தில் தொலைந்ததை உரையில் மீட்டார்கள். உரையாசிரியர்களிடம் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் உரையை ஏற்காதவன் மூலத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வான்.

சொல் ஏன் போயிற்று? மதமாற்றத்தைக் குற்றமாகக் கருதிய அரசுகள் எதிர்த்தன. மிஷனரிகளுக்குப் பின்னால் ஆதிக்கம் வந்தது என்று 1948இல் சவூதிப் பிரதிநிதி சொன்னதில் உண்மையில்லாமல் இல்லை. சவூதி வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் பாகிஸ்தானின் வெளியுறவு மந்திரி ஜஃப்ருல்லா கான் அந்தச் சொல்லை ஆதரித்துப் பேசினார். பிறரைத் தன்பால் அழைக்கும் மதம், பிற மதங்களுக்கும் அந்த உரிமையை மறுக்கமுடியாது என்பது அவர் வாதம். வெள்ளைக்காரன் உபதேசமா இது?

அவர் அஹமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் அவருடைய நாடே அரசியல் சட்டத்தைத் திருத்தி, அஹமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்றது. 1984இல் வந்த அவசரச் சட்டப்படி ஓர் அஹமதியா தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டால் மூன்று வருஷம்வரை சிறை. அதையும் பார்த்துவிட்டு 1985இல் ஜஃப்ருல்லா கான் இறந்தார். அதே பிரிவைச் சேர்ந்த விஞ்ஞானி அப்துஸ் ஸலாம் 1979இல் நோபல் பரிசு பெற்றவர். 1996இல் ரப்வாவில் அடக்கமானார். அவருடைய கல்லறையில் 'முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர்' என்றிருந்ததில் 'முஸ்லிம்' பிற்பாடு அழிக்கப்பட்டது. கல்லில் அந்த ஒரு சொல் இல்லை, மற்றவை இருக்கின்றன. மாறும் உரிமையைப் பறிக்கும் அரசு, மாறாதவனின் பெயரையும் விட்டுவைப்பதில்லை.

1986இல் ஏற்பட்ட அந்தக் கண்காணிப்புப் பதவிக்கு ஐ.நா. சம்பளம் தருவதில்லை. அரசு அழைக்காமல் எந்த நாட்டுக்குள்ளும் போகமுடியாது. கடிதம் எழுதலாம், அறிக்கை தரலாம், அவ்வளவுதான். 2004 முதல் 2010 வரை அதை வகித்தவர் லாகூர் வக்கீல் அஸ்மா ஜஹாங்கீர். தெய்வநிந்தனை வழக்கில் சிக்கியவர்களுக்காகத் தன் நாட்டிலேயே வாதாடியவர். 2008இல் இந்தியா வந்து, நம் மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்களையும், மதம் மாறிய தலித் தன் சலுகையை இழப்பதையும் பற்றித் தம் அறிக்கையில் கவலை தெரிவித்தார். பாகிஸ்தானைப் பற்றிய அறிக்கை என்றால் ஆதாரம், நம்மைப் பற்றியதென்றால் தலையீடு என்கிற நண்பர்கள் இதைப் படிக்கவேண்டும்.

அந்தப் பதவிக்குப் பல் இல்லை என்பது நிஜம். எந்தச் சொல் எங்கே, யாரால் அழிக்கப்பட்டது என்று எழுதிவைப்பது ஒன்றுதான் அதன் வேலை. விமர்சகன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன் இந்த வேலையைப் பார்த்துச் சிரித்தால், அவன் தன் தொழில் என்ன என்பதை மறந்துவிட்டான் என்றே நான் நினைக்கிறேன்.