சொல் இல்லாத பிள்ளை எப்படிச் சொல்லும்?



இப்பதிவின் பொருளைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத வேண்டிய செய்தியா இது என்று வினவவும் கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தாம் இதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிறார்க்கு எதிரான பாலியல் வன்முறையைத் தடுக்கும் கருவிகளில் முதன்மையானது மொழி. அந்த மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் நலக்கல்விப் பாடத்தில் உடலின் அந்தரங்க உறுப்புகள், பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல், ‘வேண்டாம்’ என்று மறுக்கும் முறை ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஆயினும், பாடத்திட்டத்தில் இருப்பது ஒன்று. வகுப்பறையில் நடப்பது மற்றொன்று. கெடா மாநிலத்தின் தோட்டப்புறப் பள்ளியிலும் பட்டணத்துப் பள்ளியிலும் பணியாற்றிய பட்டறிவில் கூறுகிறேன். அந்தப் பக்கம் வந்ததும் ஆசிரியர் பலருக்குத் தொண்டை அடைத்துக் கொள்கிறது. “வீட்டில் வாசித்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் செல்வோரும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இலக்கணம் கற்பிக்கும் முறையை நமக்கு வகைவகையாகச் சொல்லித் தந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்பதை ஒருவரும் செய்து காட்டவில்லை.

பெயர் இல்லாத உறுப்புகள்

கண், காது, மூக்கு, முழங்கை, கணுக்கால் என்று முதலாம் ஆண்டு மாணவர் அழகாக ஒப்பிப்பர். இடுப்புக்குக் கீழே வந்ததும் மொழி நின்றுவிடுகிறது. ‘அது’, ‘அங்கே’ என்பர். பல வீடுகளில் ‘ஷேம் ஷேம்’ என்றே பழக்கியிருப்பர். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஓர் உறுப்புக்கு ‘வெட்கம்’ என்று பெயர் சூட்டிவிட்டோம். நாளை தீயவன் ஒருவன் அங்குக் கை வைத்தால், அந்த வெட்கம் தன்னுடையது என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும். தவறு செய்தவன் தலைநிமிர்ந்து நடப்பான். பிள்ளை தலைகுனிந்து நிற்கும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 2017ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் நடப்புக்கு வந்த சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், சிறாரின் சாட்சியத்துக்குப் பெரும் மதிப்பு அளித்துள்ளது. சிறார் சாட்சி சொல்லத் தகுதி உள்ளவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். வேறு துணைச் சான்று இல்லாவிடினும் சிறாரின் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டு நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை வழங்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. பிள்ளையின் சொல்லுக்கு அத்தனை ஆற்றல்! ஆனால், அந்தச் சொல் பிள்ளையிடம் இருக்க வேண்டுமே?

“மாமா தொட்டார்” என்கிறது பிள்ளை. “எங்கே?” என்று கேட்கிறார் காவல்துறை அதிகாரி. “அங்கே” என்கிறது பிள்ளை. அவ்வளவுதான், விசாரணை அங்கேயே திணறுகிறது. விசாரிப்பவர் பெரும்பாலும் மலாய்மொழியில் பேசுபவர். இடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் ‘அங்கே’ என்பதை அவர் எப்படிப் பெயர்ப்பார்? எனவே மார்பு, பிட்டம், ஆண்குறி, பெண்குறி என்னும் சொற்களைக் கண், காது என்பவற்றைப் போல் இயல்பான குரலில் கற்பிக்க வேண்டும். மலாய்மொழியில் ‘சாக்கார்’, ‘ஃபாராஜ்’ என்பவற்றையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இவை கொச்சைச் சொற்கள் அல்ல. கொச்சைச் சொற்களைப் பிள்ளைகள் வேறு இடங்களில் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றனர். நல்ல சொற்களைத்தான் நாம் மறைத்து வைத்திருக்கிறோம்.

அந்நியர் மட்டுமா?

“அறியாதவரிடம் பேசாதே, மிட்டாய் வாங்காதே” என்று அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். ரிச்சர்ட் ஹக்கள் என்னும் பிரித்தானியனின் வழக்கை நினைவுகூர்வோம். 2006 முதல் 2014 வரை இழைத்த கொடுமைகள் தொடர்பில் 71 குற்றச்சாட்டுகளை அவன் ஒப்புக்கொண்டான். 2016ஆம் ஆண்டு சூன் மாதம் இலண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. அவனால் பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் மலேசியச் சிறார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவன் இருட்டில் ஒளிந்து வந்தவன் அல்லன். ஆங்கிலம் கற்பிக்க வந்தவனாக, தொண்டு செய்ய வந்தவனாக, குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்று வீட்டுக்குள் நுழைந்தவன். அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் விரைந்து வரக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

நம் வாழ்க்கையைப் பார்ப்போம். தோட்டத்து இலயங்களில் பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டப் போவர். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். இப்பொழுது தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்கின்றனர். பிள்ளை பக்கத்து வீட்டில், பள்ளி வேனில், துணைப்பாட வகுப்பில், உறவினர் வீட்டில் இருக்கிறது. இதற்காக உழைக்கும் தாயைக் குறைகூறுவது அறமாகாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோரில் மிகப் பலர் நல்லவர்களே. ஆனால், தீங்கு செய்பவன் பெரும்பாலும் பிள்ளைக்கு அறிமுகமானவனாகவே இருக்கிறான் என்பதையும் மறுக்க இயலாது.

ஆதலால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பாடம் வேறு. ‘யார் செய்தாலும் தவறு தவறே’ என்பது முதற்பாடம். ‘இரகசியம் வேறு, வியப்பு வேறு’ என்பது இரண்டாம் பாடம். தம்பியின் பிறந்தநாளுக்கு அணிச்சல் வாங்கி வைத்திருப்பது வியப்பு. மாலையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். “அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் அம்மா இறந்துவிடுவார்” என்று ஒருவர் கூறினால் அது தீய இரகசியம். அதை உடனே சொல்லிவிட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்.

மூன்றாவது, பெரியவர்களாகிய நமக்கான பாடம். ‘வேண்டாம்’ என்று சொல்லும் கடமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. பிள்ளை கத்தாவிட்டாலும், ஓடாவிட்டாலும், ஓராண்டு கழித்துச் சொன்னாலும் குற்றம் செய்தவருடையதே.

இது மேல்நாட்டு இறக்குமதியா?

“இவையெல்லாம் வெள்ளைக்காரன் பண்பாடு, நமக்கு ஒவ்வாது” என்பர் சிலர். நம் தோட்டத்து வரலாற்றை அவர்கள் அறியவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் முதலானோர் அதில் முன்னின்றனர். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது இருந்தது. தோட்டத்து அதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத நம் முன்னோர் கல்வியையும் பெண்களின் பாதுகாப்பையும் ஒரே பட்டியலில் வைத்தனர். நாம் இரண்டையும் பிரித்து, ஒன்றைப் பேசி மற்றொன்றை மூடி வைக்கிறோம்.

நம் கெடா மண்ணின் மகளான ஐரீன் பெர்னாண்டசையும் இங்கு நினைக்க வேண்டும். 1946ஆம் ஆண்டு சுங்கைப்பட்டாணியில், இரப்பர்த் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் அதைத் துறந்து தொழிலாளர் இயக்கத்துக்குச் சென்றவர். 1980களில் பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1991ஆம் ஆண்டு ‘தெனகானித்தா’ அமைப்பைத் தொடங்கினார், 2014இல் மறைந்தார்.

அக்காலத்தில் நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டாள். மகளிர் அமைப்புகள் பொதுமக்களைத் திரட்டின. 1989இல் வன்புணர்ச்சி தொடர்பான சட்டங்கள் திருத்தப்பட்டன. 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. சட்டங்கள் தாமாக வந்துவிடவில்லை. பேசத் துணிந்தவர்கள் பல ஆண்டுகள் பேசியதால் வந்தன.

மானம் யாருடையது?

சட்டம் இருக்கிறது, எனினும் புகார் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. “நம் மானம் போய்விடும்”, “நாளைக்கு இவளை யார் கட்டுவார்?” என்னும் இரண்டு சொற்றொடர்கள் பல குற்றவாளிகளைக் காப்பாற்றியுள்ளன. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, கொஞ்சம் பணம் வாங்கிக் கொடுத்து, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றி, ‘சுமுகமாக’ முடித்துவிடுவதாகக் கேள்விப்படுகிறோம். குற்றவாளி அடுத்த பிள்ளையைத் தேடுகிறான். இது சுமுகமா?

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். பிள்ளையைத் தகாத நோக்கத்தோடு பழக்கி வசப்படுத்துவதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பெற்றோர், உறவினர், ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் உள்ளவர் குற்றம் இழைத்தால் மேலும் 5 ஆண்டு வரை சிறையும் இரண்டுக்குக் குறையாத பிரம்படியும் கூடுதலாக விழும். ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிவந்தபொழுது, புகார் அளித்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். பாதிக்கப்பட்ட மற்றப் பெண்களுக்கு அது எத்தகைய அச்சத்தை ஊட்டியிருக்கும்! அதையும் மீறிப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. நம் புலனக் குழுக்களில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும் பள்ளியின் பெயரையும் ‘பரிவோடு’ பகிர்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தடுக்கிறது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

1. நலக்கல்வியின் அந்தப் பக்கங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே முழுமையாகக் கற்பிப்போம். பினாங்கில் 1985ஆம் ஆண்டு முதல் இயங்கும் மகளிர் மாற்ற மையம் தொடக்கப்பள்ளிச் சிறார்க்காக ‘ஓகே தாக் ஓகே’ என்னும் தற்காப்புத் திட்டத்தை உருவாக்கியுள்ளது. இத்தகையோரின் உதவியை நாடலாம்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நன்கொடை, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றுக்கு முன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குவோம். வகுப்பில் கற்பிக்கப் போகும் சொற்களைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் சினம் எழாது.

3. பெரியவர்களுக்கு விதிகள் வகுப்போம். மூடிய அறையில் தனியாக ஒரு மாணவரோடு இருப்பதில்லை. துணைப்பாட வகுப்பின் கதவு திறந்தே இருக்கும். மாணவருக்குத் தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. நல்ல ஆசிரியருக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை. வீண்பழியிலிருந்து பாதுகாப்பும் கிட்டும்.

4. ஐந்து விரலுக்கு ஐந்து பெரியவர் என்று ஒவ்வொரு பிள்ளையும் நம்பிக்கைக்குரியவர்களை எழுதட்டும். ஒருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்றும் கற்பிப்போம்.

5. ஆண்பிள்ளைகளை மறவாதிருப்போம். அவர்களும் பாதிக்கப்படுகின்றனர், சொன்னால் நகைப்பார்கள் என்று அஞ்சி வாய்மூடிக் கிடக்கின்றனர். பெண்ணின் உடலைக் கேலிப் பொருளாக்குவது நகைச்சுவையன்று என்பதையும் அவர்களுக்குத் தொடக்கப்பள்ளியிலேயே உணர்த்த வேண்டும். 2021இல் சிலாங்கூர் மாணவி ஐன் ஹுஸ்னிசா, வகுப்பில் ஆசிரியர் ஒருவர் வன்புணர்ச்சியை நகைச்சுவையாகப் பேசியதாகக் காணொலி வெளியிட்டார். நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. கேட்கத் துணிந்தவள் பதினேழு வயது மாணவி என்பது நமக்கெல்லாம் பாடம்.

ஒரு பிள்ளை நம்மிடம் வந்து சொல்லிவிட்டால்?

பதறாமல் கேளுங்கள். “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். குறுக்கு விசாரணை வேண்டா. அது பயிற்சி பெற்ற அதிகாரியின் வேலை. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. “நீ சொன்னது நல்லது. உன்மேல் தவறு இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு, எழுதி வையுங்கள். தலைமையாசிரியரிடமும் ஆலோசனை ஆசிரியரிடமும் அன்றே தெரிவியுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் ‘தாலியான் காசிஹ்’ 15999 என்னும் எண்ணை அழைக்கலாம். காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லலாம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று எவரேனும் தயங்கினால், மறைத்த பள்ளிக்குத்தான் பெயர் கெடும் என்பதை எடுத்துரையுங்கள்.

அன்பர்களே, தமிழ்ப்பள்ளி நம் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்கும் இடம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். தன் உடலைக் காக்கவும், தனக்கு நேர்ந்த கொடுமையை எடுத்துச் சொல்லவும் உதவாத மொழி எதற்கு? அடுத்த வாரம் உங்கள் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கம் எந்த வாரத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள். அந்த வாரம் வரும்பொழுது மாணவர்களைத் திடலுக்கு அனுப்பாதீர்கள். இதுபற்றி உங்கள் பள்ளியில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். படித்துப் பயன்பெறக் காத்திருக்கிறேன்.