மணவோலையும் மாலையும் நம் கையாலே!

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தமிழ்ச்சங்கம் நிறுவிய மதுரையிலே, இன்று ஒரு திருமண அழைப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். உச்சியிலே 'சிரீ'. அதன்கீழ் 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'. மகனுக்குச் 'சிரஞ்சீவி', மகளுக்குச் 'சௌபாக்கியவதி'. நாள் குறிப்பதற்குச் 'சுபயோக சுபதினம்'. சுற்றத்தை அழைப்பதற்கு 'இட்டமித்திர பந்துக்கள் சகிதம்'. இத்தனைக்கும் நடுவே தமிழாய் எஞ்சி நிற்பவை ஊரின் பெயரும் தெருவின் பெயரும் மட்டுமே. அழைப்பவரைக் கேளுங்கள், இச்சொற்களுள் ஒன்றற்கேனும் பொருள் சொல்வாரா என்று! விழிப்பார்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. படித்த வீடுகளில் இப்பொழுது அழைப்பு முழுவதும் ஆங்கிலத்தில் வருகிறது. பேர்த்தியின் திருமண அழைப்பிலே தன் பெயர் எங்கிருக்கிறது என்பதைப் பாட்டி பிறரைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. 1965 சனவரி 25-ஆம் நாள் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் ஊர்வலம் போய், மோதல் மூண்டது இதே ஊரின் வடக்கு மாசி வீதியில். அன்று தெருவிலே காத்த மொழியை இன்று வீட்டு நடுக்கூடத்தில் நாமே விட்டுக்கொடுக்கிறோம். இதற்கு எந்த அரசும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆண்டுப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர், ஒன்றும் தமிழில்லை. போகட்டும், கணக்குக்காவது உதவுமா? அறுபதாண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'விளம்பி வருடம் தை மாதம்' என்று மட்டும் ஒரு பழைய மணவோலை கிடைத்தால், அது பாட்டனுடையதா பேரனுடையதா என்று எப்படி அறிவீர்? திருவள்ளுவர் ஆண்டோ தொடராண்டு. ஆங்கில ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் முடிந்தது.

இச்சொற்களை நாம் விரும்பித் தெரிந்தெடுத்தோமா என்றால், அதுவும் இல்லை. கடைக்குப் போகிறோம். நூறு மாதிரி அட்டைகளைப் பரப்பி வைக்கிறார்கள். பொன்னிற யானை, பட்டுக் குஞ்சம், மணம் பூசிய உறை. நாம் அட்டையின் நிறத்தைத் தெரிந்தெடுக்கிறோம். வாசகம் முன்னரே கோத்துக் கிடக்கிறது. பெயரையும் நாளையும் மட்டும் மாற்றித் தருகிறார்கள். செய்யும் வேலையை விலைக்கு விட்டவன் சொல்லும் சொல்லையும் அதனோடு சேர்த்து விட்டுவிடுகிறான். ஆகவேதான் கூறுகிறேன்: சிறு திருமணத்துக்கு அழைப்பை நாமே எழுதவேண்டும், மாலையை நாமே தொடுக்கவேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி என்று மட்டும் இதனை எண்ணவேண்டா.

என் தங்கை மகளின் திருமணம் திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் நடந்தது. எழுபது பேருக்கு மிகாத கூட்டம். முதலில் நாங்களும் ஓர் அச்சகத்துக்குத்தான் சென்றோம். தூய தமிழில் எழுதிக் கொடுத்தோம். அச்சாகி வந்ததைப் பார்த்தால், தலையிலே 'சிரீ' வீற்றிருக்கிறது! "அது இல்லாமல் எப்படி ஐயா? நாங்களாகவே போட்டுவிட்டோம்" என்றார் அங்கிருந்தவர். பணம் போனது போகட்டும் என்று கட்டோடு விட்டுவிட்டு வந்தோம். பெண்ணே சொன்னாள்: "மாமா, அறுபது ஓலைதானே? நானே எழுதிவிடுகிறேன்."

தடித்த தாள் வாங்கி நான்காய் வெட்டினோம். ஓரத்திலே மஞ்சள் தடவினோம். மூன்று மாலைப்பொழுதில் எழுத்து வேலை முடிந்தது. வாசகம் இவ்வளவே: 'அன்புடையீர், வணக்கம். எங்கள் மகளும் இன்னார் மகனும் இந்நாளில், இவ்விடத்தில், இந்நேரத்தில் வாழ்க்கைத் துணையாய் இணைகின்றனர். சுற்றமும் நட்பும் சூழ வருக, மணமக்களை வாழ்த்துக.' கீழே பெற்றோர் பெயர். மணமகனுக்குத் 'திருவளர்செல்வன்' போடுவதா, 'திருநிறைசெல்வன்' போடுவதா என்று பெரியவர் இருவர் ஒருநாள் முழுதும் வழக்காடினர். முடிவில் வெறும் 'செல்வன்' என்றே எழுதினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த ஓலையைப் பெற்றவர்களுள் சிலர் அதனை இன்றும் மடித்து வைத்திருக்கிறார்கள். அச்சடித்த அட்டைக்கு அந்தப் பேறு கிட்டியதை நான் கண்டதில்லை.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு திருமணத்தையும் தொண்ணூறு நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். பதிவு அலுவலகத்தில் அழைப்பிதழையும் சான்றாகக் கேட்பது வழக்கம். ஆகவே இருவர் பெயரும், பெற்றோர் பெயரும், நாளும், இடமும் ஐயமற விளங்கும்படி எழுதுங்கள். கையெழுத்து ஓலையை ஏற்பார்களா என்று முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

இனிப் பூவுக்கு வருவோம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். அந்த மல்லி விளையும் உசிலம்பட்டியிலும், மேலூரிலும், திருமங்கலத்திலும் நடக்கும் திருமணங்களின் மேடையில் என்ன பார்க்கிறோம்? நெகிழிப் பூ! அல்லது வெளிமாநிலத்திலிருந்து வண்டியேறி வந்த மணமற்ற பூ, நுரைப்பஞ்சில் குத்தப்பட்டு! பூ விளையும் ஊரிலேயே பொய்ப் பூவுக்குப் பல்லாயிரம் உருபா. கனகாம்பரத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். பெயரும் தமிழில்லை, மணமும் இல்லை, ஆயினும் நம் பெண்கள் விடமாட்டார்கள்.

விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்லுங்கள். உதிரிப் பூவாய் வாங்குங்கள். மல்லிகையைக் கதிரெழுமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது அன்று மாலையே விரிந்துவிடும். ஆகவே மாலைநேரத் திருமணத்துக்கு மல்லி பொருந்தும். காலைத் திருமணமாயின் முன்னாள் வாங்கிய மல்லி நண்பகலுக்குள் பழுத்து வாடும். அதற்குச் சம்பங்கியும் அரளியும் மருக்கொழுந்துமே தாங்கும். தையிலே மல்லி விலை கேட்டால் நெஞ்சடைக்கும். பனியால் விளைச்சல் குன்றும், திருமணங்களோ குவியும். கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது கூந்தலுக்கு ஒரு முழம் போதும்; கழுத்து மாலை சம்பங்கியாகட்டும்.

தொடுப்பது அரிய கலையன்று. வாழை நாரை நீரில் ஊறவையுங்கள். இரண்டு மொட்டின் காம்புகளை ஒருபுறமாகவும், இரண்டு மொட்டின் காம்புகளை எதிர்ப்புறமாகவும் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் கண்ணி போட்டு இழுங்கள். முதல் முழம் கோணும். மூன்றாம் முழம் ஒழுங்குபடும். சம்பங்கியை ஊசியால் கோத்தால் போதும். பந்தலுக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும். குருத்தோலையில் கிளி முடையத் தெரிந்த முதியவர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். எங்கள் வீட்டில் அன்றிரவு பதினைந்து பேர் வட்டமாய் அமர்ந்து தொடுத்தோம். வந்த சம்பந்தி வீட்டாரும் கூட அமர்ந்துவிட்டனர். இரு குடும்பமும் கலந்தது அங்கேதான்.

'நீங்களே தொடுத்தால் பூக்கட்டுவோர் பிழைப்பு என்னாகும்?' என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேடை ஒப்பனைக்காரரிடம் கொடுக்கும் பணத்தில் பூக்கட்டும் பெண்ணின் கைக்குச் சேர்வது எவ்வளவு? உங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் தாயை அழைத்து, உங்களோடு அமர்த்தி, உரிய கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கும் ஓர் அழைப்போலை எழுதுங்கள்.

இது புதிய வழக்கமா? அகநானூற்றின் 86-ஆம் பாட்டையும் 136-ஆம் பாட்டையும் எடுத்துப் படியுங்கள். பந்தல், பரப்பிய மணல், விளக்கு, தொங்கும் மாலை, உழுந்துப் பொங்கல், பூவும் நெல்லும் கலந்த நீரால் மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டல். எரி வளர்த்தல் அங்கே இல்லை. வேற்றுமொழி ஓதலும் இல்லை. 'சிலம்பில் தீவலம் வருகிறதே' என்பார் சிலர். ஆம், வருகிறது, அது பின்வந்த வழக்கு. பாவாணர் 'தமிழர் திருமணம்' என்றே ஒரு நூல் எழுதினார். அவர் 1981 சனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்தவிடத்தில் மறைந்ததும் இதே மதுரையில்தான்.

சட்டம் தடுக்கும் என்று அஞ்சுவோர் இன்னும் உளர். அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் தன்மதிப்புத் திருமணம் நடந்தது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. அண்ணா அரசு 1967-இல் இயற்றிய திருத்தச் சட்டம் முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில் 'துணையாய் ஏற்கிறேன்' என்று கூறினாலும், மாலை மாற்றினாலும், கணையாழி அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். ஊரறிய விளம்புவதும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறிவிட்டது. சட்டம் கேட்பது ஒரு மாலையும் ஒரு சொல்லுமே. அந்த மாலையையும் சொல்லையுமா கடையில் வாங்குவது?

நம்மவரையும் ஒரு சொல் சொல்லாமல் விடுவதற்கில்லை. தமிழ்த் திருமணம் என்று அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் தெருவெங்கும் நெகிழிப் பதாகை, அழைப்பிலே வாழ்த்துரைப்போர் பெயர் நாற்பது, மணமக்கள் பசியோடு மூன்று மணிநேரம் நிற்க, பேச்சாளர் ஒருவர்பின் ஒருவராய்த் தம் சிறைவாழ்க்கையை விளத்துகிறார்கள்! மணமக்கள் பெயரைவிடத் தலைவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. சொல் தூயது, செயல் கடன். கந்துவட்டிக்கு வாங்கி நடத்திய திருமணத்தில் எத்துணைத் தூய தமிழ் ஒலித்தும் பயன் என்ன?

வரும் தையில் வீட்டில் திருமணம் வைத்திருப்போர் இப்பொழுதே வாழைமட்டை கிடைக்கும் இடம் பார்த்து, நார் உரித்து நிழலில் உலர்த்தி வையுங்கள். அழகிய கையெழுத்துடைய பிள்ளையை இன்றே தேடுங்கள். ஓலை எழுதும் நாள் குறித்தவர் நமக்கொரு வரி எழுதினால், வாசகம் ஒழுங்குசெய்து தர அணியமாயிருக்கிறோம்.