பக்கம் திறக்காவிட்டால் பதறாதீர்கள், பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்



கடந்த மாதம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் எமது நிலையத்துக்கு ஒரு சகோதரி வந்தார். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, 2009இல் கணவரை இழந்தவர் இவர். முகாம் வாழ்க்கைக்குப் பின் பிள்ளைகளோடு ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் சின்னம்மாவிடம் வந்து சேர்ந்தார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் மற்ற விபரங்களை விட்டுவிடுகிறேன்.

நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை நீட்டினார். "மிஸ், மூணு நாளா இந்தப் பக்கம் தெறக்குதில்ல. இத மட்டும் தெறந்து குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அது கிறிப்டோ நாணயம் வாங்கி விற்பதாகச் சொல்லும் ஓர் இணையத்தளம். தெரிந்த ஒருவர் அவரை வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார். மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலியை அடகு வைத்து 85,000 ரூபாவை யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் இட்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் அது 2 இலட்சத்துக்கு மேல் வளர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. பக்கம் திறக்காமல் போன மறுநாள், "உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, 25,000 ரூபா கட்டினால் திறந்து தரப்படும்" என்று செய்தி வந்தது. அந்த 25,000 ரூபாவுக்குக் கிழமைக் கடன் சொல்லி வைத்துவிட்டுத்தான் எம்மிடம் வந்திருந்தார்.

இப்படியான பக்கம் திறக்காவிட்டால் எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை இம்முறை பார்ப்போம்.

முதலில் கையிலுள்ள போன்

பக்கம் திறக்கவில்லை என்பதற்காக எல்லாமே மோசடி என்று முடிவுகட்டத் தேவையில்லை. சாதாரணக் காரணங்கள் பல உண்டு. முதலாவதாக, வேறு ஏதாவது செய்திப் பக்கத்தையோ வங்கிப் பக்கத்தையோ திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் டேட்டா முடிந்திருக்கலாம், அல்லது சிக்னல் இல்லாமலிருக்கலாம். மலைச்சரிவுக்குக் கீழே இருக்கும் லயங்களில் சிக்னல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். மேட்டுக்கு ஏறி ஒருமுறை முயன்று பாருங்கள்.

இரண்டாவதாக, போனில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பற்றரி முழுவதும் இறங்கிப்போன சில பழைய போன்களில் திகதி மாறிவிடும். பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் உண்டு. போனின் திகதி தவறாக இருந்தால் அந்தச் சான்றிதழ் காலாவதியானதாகத் தெரிந்து, பக்கம் திறக்க மறுக்கும்.

மூன்றாவதாக, அதே முகவரியை வேறு நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொருவருடைய போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே திறந்தால் கோளாறு உங்கள் போனிலோ இணைப்பிலோ இருக்கிறது. புரவுசரில் சேர்ந்திருக்கும் பழைய தற்காலிகப் பதிவுகளை அழித்துவிட்டு, போனை அணைத்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கும் திறக்காவிட்டால் கோளாறு தளத்தின் பக்கமாக இருக்கலாம். ஒரே நேரத்தில் ஏராளமானோர் நுழையும்போதும், திருத்த வேலை நடக்கும்போதும் உண்மையான தளங்களும் சில மணி நேரம் நின்றுபோவதுண்டு. அப்போது காத்திருப்பதே வழி.

ஒன்றை மறக்காதீர்கள். செயலி வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள். சில செயலிகளில் நாணயத்துக்கான இரகசியத் திறவுகோல் போனிலேயே இருக்கும். மீட்புச் சொற்களை எழுதி வைக்காமல் செயலியை அழித்தால் எல்லாம் போய்விடும். மோசடியாக இருந்தாலோ, உங்களிடமிருக்கும் சாட்சியமும் அதோடு அழிந்துவிடும்.

அடுத்தது முகவரி

அந்தச் சகோதரியின் போனில் மற்றப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. திகதியும் சரியாக இருந்தது. எமது நிலையக் கணனியிலும் அந்தப் பக்கம் திறக்கவில்லை. பிறகு முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்தோம். உலகில் பலரும் அறிந்த ஒரு தளத்தின் பெயர்தான். ஆனால் நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துப் போலிக் கடை போட்டிருந்தார்கள். கடையைக் கட்டிக்கொண்டு போனதால்தான் பக்கம் திறக்கவில்லை.

ஆகவே, வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ வரும் இணைப்பை அழுத்திப் பணக் கணக்குக்குள் நுழையாதீர்கள்.

திரையில் தெரியும் தொகை

"ரெண்டு லட்சத்துக்கு மேல இருந்திச்சே மிஸ், நான் கண்ணால பாத்தேனே" என்றார் அவர்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பறித்ததை அவர்கள் நிறுத்து, அவர்களே எழுதுகிறார்கள். எழுதிய கிலோ எவ்வளவாக இருந்தாலும், சம்பள நாளில் கைக்கு வந்தால்தான் அது பணம். திரையில் தெரியும் தொகையும் அப்படித்தான். தளத்தை நடத்துபவர் எழுதிக் காட்டும் கணக்கு அது. சம்பளம் குறைந்தால் கேட்பதற்குத் தொழிற்சங்கமும் தொழில் திணைக்களமும் உண்டு. வட்ஸ்அப்பில் மட்டும் இருப்பவரை எங்கே போய்க் கேட்பது?

இலங்கையில் அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ இடும் வைப்புக்கு, அந்த நிறுவனம் விழுந்துபோனாலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கிறிப்டோ தளத்தில் இட்ட பணத்துக்கு அந்தக் காப்புறுதி கிடையாது.

பெரிய தளங்களும் நின்றிருக்கின்றன

போலித் தளம் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் டோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் கொக்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய பிட்கொயின் மாற்றுத் தளமாக இருந்தது. 2014 பெப்ரவரி ஆரம்பத்தில் அது பணம் மீளப்பெறுவதை நிறுத்தியது. அதே மாத இறுதியில் ஒருநாள் அதன் பக்கம் வெறுமையானது. சுமார் 8,50,000 பிட்கொயின்கள் காணாமற்போனதாகச் சொல்லப்பட்டது. அவற்றில் சுமார் 2,00,000 பின்னர் கண்டெடுக்கப்பட்டன. பிட்கொயினைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். பத்து ஆண்டுக் காத்திருப்பு!

2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய தளம் பணம் கொடுப்பதை நிறுத்தி வங்குரோத்தானது. இந்தியாவின் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 2024 ஜூலையில் 23 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதியான நாணயங்கள் திருடப்பட்டன. அதில் பணம் வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பக்கம் திறக்கிறதா என்பதைவிட, போட்ட பணத்தை வெளியே எடுக்க முடிகிறதா என்பதே முக்கியம். பக்கம் அழகாகத் திறந்து, கணக்கும் காட்டி, எடுக்கப் போகும்போது மட்டும் சாக்குச் சொன்னால், அதுவே முதல் எச்சரிக்கை.

நமது நாட்டில்

2023 ஓகஸ்ட்டில் எம்.ரி.எஃப்.ஈ. என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேஷ் முதலிய நாடுகளிலும் பலரது பணத்தோடு நின்றுபோனது. போட்ட பணம் போனது மாத்திரமல்ல, "நீங்கள்தான் எங்களுக்குக் கடன்" என்று கணக்கைக் காட்டி மேலும் பணம் கேட்டது. அந்தச் செயலியையும், அதற்கு முன் பரவிய ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டி.ரி. என்பவற்றையும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று இலங்கை மத்திய வங்கி 2023இல் அறிவித்தது. பின்னால் சேர்பவரின் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்கு இலாபமாகக் கொடுப்பதே இத்திட்டங்களின் அடிப்படை. புதியவர்கள் வருவது குறைந்ததும் அது சரிந்துவிடும்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி இவ்வாறான திட்டத்தைத் தொடங்குவதும், நடத்துவதும், விளம்பரப்படுத்துவதும் குற்றம். "நீங்கள் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் கொமிசன்" என்று சொன்னால் உடனே விலகிக்கொள்ளுங்கள். பக்கத்து லயத்துப் பெண்ணை நாமே குழியில் தள்ளியவர்களாகிவிடுவோம்.

கிறிப்டோ நாணயம் பற்றி மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் எச்சரித்திருக்கிறது. கிறிப்டோ மாற்றுத் தளம் நடத்த எவருக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று 2022 அறிவித்தலில் கூறியது. இக்கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்தவும் அனுமதியில்லை என்றது. இதனால்தான் தனியாளின் கணக்கில் பணம் போடச் சொல்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பக்கத்தைத் திறப்பதற்கென்றோ, வரி, அபராதம், சரிபார்ப்புக் கட்டணம் என்றோ எவர் கேட்டாலும் ஒரு சதமும் கட்டாதீர்கள். உண்மையிலேயே உங்கள் பணம் அங்கிருந்தால் அதிலேயே கழித்துக்கொள்ளலாமே! "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று பின்னால் வருபவர்களும் அநேகமாக அதே கூட்டம்தான். கடவுச்சொல், போனுக்கு வரும் இரகசிய இலக்கம், மீட்புச் சொற்கள் ஆகியவற்றை எவருக்கும் சொல்லாதீர்கள். தூரத்திலிருந்தே உங்கள் போனை இயக்கும் செயலியைப் போடச் சொன்னாலும் போடாதீர்கள்.

சாட்சியத்தைச் சேர்த்து வையுங்கள். வங்கிச் சிட்டை, பணம் போட்ட கணக்கு இலக்கம், வட்ஸ்அப் செய்திகள், பேசிய தொலைபேசி இலக்கங்கள், திரையின் படம், இணைய முகவரி எல்லாம் வேண்டும். குழுவிலிருந்து கோபத்தில் விலகுவதற்கு முன் இவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் போட்ட வங்கிக்கு அன்றே அறிவியுங்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்திலும், இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஷெல்லுக்கு நடுவில் ஓடும்போதும் பிறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் நம்மில் பலர். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி நமக்குத் தெரியும். அதே கவனம் இங்கும் வேண்டும்.

வெட்கப்பட வேண்டியவர் நாமல்ல

அந்தச் சகோதரி கடைசிவரை கேட்டது, "வெளிய தெரிஞ்சா என்னா சொல்லுவாங்க?" என்பதுதான். புருசன் இல்லாதவள், பேராசைப்பட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயம் அவருக்கு. ஒரு நாட்சம்பளத்தில் அரிசியும் மாவும் மருந்தும் பள்ளிச் செலவும் பார்ப்பவள், இருப்பதைக் கொஞ்சம் பெருக்க நினைத்தது பேராசை அல்ல. அந்த நினைப்பை வைத்துப் பிழைப்பவர்களே வெட்கப்பட வேண்டும். நாம் வாய் மூடியிருந்தால் அடுத்த லயத்திலும் ஒரு சங்கிலி அடகுக்குப் போகும்.

அன்று மாலையே கிழமைக் கடன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். மறுநாள் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்தார். இதை எழுதும்வரை 85,000 ரூபா திரும்பி வரவில்லை. வருமென்று நாம் பொய் நம்பிக்கை கொடுக்கவுமில்லை. ஆனால் 25,000 ரூபாக் கடனும் அதன் வட்டியும் அவர் தலையில் ஏறவில்லை. சங்கிலியை மீட்பதற்காக மாதர் சங்கத்தில் உள்ள சகோதரிகள் அவருக்கு முதல் சீட்டை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்தில் யாராவது, "பக்கம் தெறக்குதில்ல" என்று கவலையோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.